தங்கம்மையின் மத்தியானப் பால்

"வியாழன், துலாம் மாதம். சோறு உண்டபிறகு முதல் பீரியட். பால், பத்துக் குப்பி. வெயில் உண்டு, மழை இல்லை." என் ஏழாம் வகுப்பு அறிவியல் சோதனை நோட்டில் ஒரு பக்கம் இப்படித் தொடங்குகிறது. அந்தத் தாளை மூக்கருகே கொண்டுபோனால் புளித்த பாலின் வாடை இப்போதும் அடிப்பதுபோல் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அப்படி அடிக்க வழியில்லை என்பதால், அது தாளின் வாடையா என் மூக்கு இட்டுக்கட்டுவதா என்று எனக்குச் சந்தேகம். தேதியின் இலக்கம் இருந்த இடத்தில்தான் பால் சிந்தியிருக்கிறது. ஆண்டை நான் எழுதவே இல்லை. கடிதம் வந்தால் உறையின் முத்திரையைக்கூடக் குறித்து வைக்கிற எனக்கு இது ஒரு தீராத மனக்குறை. கிழமை மட்டும் நிச்சயம். அதிலிருந்து எண்ணி அடுத்த வியாழன் வரையிலான எட்டு நாட்களை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடம் பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவே, பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் மலையாளப் பிரிவில் பெஞ்சு போதாது. தமிழ்ப் பிரிவில் நாங்கள் பதினான்கு பேர், இரண்டு பெஞ்சு மிச்சம். அந்த ஆண்டு அறிவியலுக்கு ஆள் இல்லாமல் இரண்டு மாதம் கழிந்தபின், காட்டாக்கடைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு தற்காலிக ஆசிரியை வந்தார். பெயர் பிரேமா. எங்கள் பக்கத்தில் பெண் ஆசிரியரையும் 'சாரே' என்றுதான் கூப்பிடுவோம். அவரும் அப்படித்தான் எங்களுக்கு 'சார்' ஆனார். வந்த முதல் நாள் 'பொருள்களின் பண்புகள்' என்ற பாடத்தைத் திறக்கச் சொல்லி, பிறகு புத்தகத்தை மூடச் சொல்லி, மேசைமேல் சீட்டு ஒட்டாத ஆறு குப்பிகளை வைத்தார். ஆறிலும் தண்ணீர் போன்ற ஏதோ ஒன்று.

"இதுல வெள்ளம் எது?" என்றார்.

வகுப்பில் வாயாடியான பினு எழுந்து, "எல்லாம் வெள்ளமாக்கும் சாரே" என்றான்.

"ஆரு சொன்னா?"

"பாத்தா தெரியுது."

"உனக்க கண்ணு சொல்லிச்சு. உனக்க கண்ணுக்கு ஆரு சர்ட்டிபிக்கேட் குடுத்தா?"

அந்த ஆறில் ஒன்று உப்புநீர், ஒன்று சீனிநீர், ஒன்று வினிகர், ஒன்று சோடாக் காரம் கரைத்தது. தண்ணீர் இரண்டில்தான் இருந்தது. நாக்கில் வைக்கக்கூடாது என்பது விதி. முட்டையை இட்டு, எடையை நிறுத்து, ஒரு சொட்டை இரும்புச் சட்டியில் வற்றவைத்து, நாங்களே கண்டுபிடிக்க வேண்டும். அன்று முதல் நோட்டில் நான்கு கட்டம் போடச் சொன்னார்: பொருள், செய்தது, கண்டது, சந்தேகம். நான்காவது கட்டத்தை வெறுமையாக விட்டால் நோட்டு திரும்பி வந்துவிடும். என் கையெழுத்து தெளிவாக இருந்ததால் வகுப்பின் பொது நோட்டை எழுதும் வேலை எனக்கு வாய்த்தது.

ஒரு மாதத்தில் நாங்கள் ஊருக்குப் பெரிய உபத்திரவமாகிவிட்டோம். கடையில் வாங்கிய தேயிலைத்தூளை ஈரக் காகிதத்தில் தூவிச் சாயம் கலந்திருக்கிறதா என்று பார்த்தோம். தேங்காய் எண்ணெயைக் கிணற்று நீரில் முக்கிவைத்து எந்தக் கடை எண்ணெய் முதலில் உறைகிறது என்று காத்திருந்தோம். பலசரக்குக் கடைக்காரர் எங்களைக் கண்டாலே, "வந்துட்டு சி.ஐ.டி. கூட்டம், பொடியை எல்லாம் மூடுங்கடே" என்பார். சோற்றுப் பருக்கையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்த என்னைக் கண்டு அப்பா அம்மாவிடம் சொன்னார்: "இவளுக்கு நாளைக்கு மாப்பிள்ள பாத்தா, அவனையும் கொளத்துல தள்ளி முங்குதானா மெதக்குதானான்னு பாப்பா."

அப்படியிருக்கையில்தான் பால் பாடம் வந்தது. பள்ளிக்கு நேர் எதிரே பால் சொசைட்டி. அதன் செக்ரட்டரி சுகுமாரன் அண்ணனிடம் டீச்சர் பேசி, ஒரு பீரியடுக்கு லாக்டோமீட்டரை இரவல் வாங்கியிருந்தார். அடியில் ஈயக்குண்டு வைத்த கண்ணாடிக் குழல் அது. கெட்டிப் பாலில் உயர்ந்து நிற்கும், நீர்த்த பாலில் இறங்கும். கழுத்தில் இருக்கும் எண்ணை வாசிக்க வேண்டும். நல்ல பசும்பாலுக்கு இருபத்தெட்டும் அதற்கு மேலும் என்று செக்ரட்டரி சொல்லி அனுப்பியிருந்தார். பத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்து காய்ச்சாத பால் கொண்டுவர வேண்டும். ஒன்பது பேர் காலையிலேயே கொண்டுவந்தோம். மத்தியானத்துக்குள் திரிந்துவிடாமலிருக்க, மத்தியானக் கஞ்சி வைக்கும் கஞ்சிப்புரையின் பெரிய அண்டாவில் தண்ணீர் நிறைத்து, குப்பிகளைக் கழுத்தளவு அதில் நிறுத்தினோம்.

பத்தாவது ஆள் விஜி. அவள் மறந்துவிட்டாள். அவளுக்கு அது பெரிய காரியமும் இல்லை, ஏனென்றால் சொசைட்டியை ஒட்டிய வீடு அவளுடையது. அம்மா தங்கம்மை பசு வளர்த்தார், எங்கள் வீடு உட்பட ஐந்தாறு வீடுகளுக்குக் காலைப் பாலும், சொசைட்டிக்கு மத்தியானப் பாலும் ஊற்றினார். எங்கள் பக்கத்தில் இரண்டாவது கறவை சாயங்காலம் இல்லை. சோற்று நேரம் கழிந்தவுடன், ஒரு மணி ஒன்றரை மணிக்கே முடிந்துவிடும். விஜி மணி அடிக்குமுன் ஓடிப்போய், கறந்துகொண்டிருந்த அம்மாவிடமிருந்து ஒரு தூக்குப்பாத்திரத்தில் பால் வாங்கி, நுரை தளும்ப ஓடிவந்தாள்.

ஒன்பது குப்பிகளும் இருபத்தெட்டுக்கும் முப்பதுக்கும் நடுவே நின்றன. விஜியின் பாலில் குழலை விட்டதும் அது இறங்கியது, இறங்கிக்கொண்டே போயிற்று. இருபத்துமூன்று என்று நான் வாசித்தேன்.

"விஜிக்க பாலுல குழலு முங்கிப் போச்சு சாரே! கொஞ்சம் மீனு வாங்கி விட்டா நீந்தும்!" என்று பினு கத்தினான். வகுப்பு முழுதும் சிரித்தது. விஜி சிரிக்கவில்லை. நான் நான்காவது கட்டத்தில் 'வெள்ளம்' என்று எழுதினேன். அன்று ஒருநாள் மட்டும் டீச்சர், "ஆரு சொன்னா?" என்று கேட்கவில்லை. "எண்ணு பொய் சொல்லாது" என்றார். அதற்குள் மணி அடித்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் இதை நான்தான் சொன்னேன். அடுப்பருகே நின்ற அம்மா உடனே, "அதாக்கும் ரெண்டு நாளா சாயாவுக்கு ஒரு ருசியும் இல்லாதது" என்றாள். முந்தின நாள் இதே சாயாவை இரண்டாவது முறை வாங்கிக் குடித்தவள் அவள். சந்தேகம் பின்னோக்கி நடக்கும் என்பதை நான் அன்று பார்த்தேன். நேற்றைய ருசியைக்கூட அது மாற்றிவிடும். வெள்ளிக்கிழமை ரேஷன் கடை வரிசையில் செய்தி பரவியது. சனிக்கிழமை எங்கள் வீடும் இன்னும் இரண்டு வீடுகளும் தங்கம்மையின் பாலை நிறுத்தின. திங்கட்கிழமை சொசைட்டியில் சுகுமாரன் அண்ணன் அவருடைய மத்தியானப் பாலைத் திருப்பிவிட்டார். "ஒனக்க மத்தியானப் பால் எப்பவும் கொறவாக்கும் தங்கம்மை. பக்கத்து வீடாச்சேண்ணு நான் கண்ணடச்சிட்டு இருந்தேன். இப்ப பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே கண்டுபிடிச்சாச்சு. வியாழக்கிழமை கமிட்டி கூடுது, அதுல தீருமானம் ஆகட்டு" என்று பலர் நடுவில் சொன்னாராம். கமிட்டி தீர்மானித்தால் உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயரை வெட்டுவார்கள். வெட்டிய பெயரின் பாலை அதன்பிறகு எந்த வீடும் வாங்காது. அந்தப் பசுவால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

செவ்வாய்க்கிழமை பாடம் நடக்கும்போது தங்கம்மை வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் கன்றுக்கான கயிறு. அதைக் கீழே போட மறந்து வந்திருந்தார்.

"எனக்க பாலுல வெள்ளம் உண்டுண்ணு எழுதினது ஆரு?"

பன்னிரண்டு தலைகள் என்னைத் திரும்பிப் பார்த்தன. விஜி மட்டும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைகளைக் கேக்கண்டாம். படிப்பிச்சது நான்" என்றார் டீச்சர்.

"அப்ப சாரைத்தான் கேக்கேன். ஒரு தூக்கு பாலைப் பாத்து ஒரு பொம்பளைக்க பேரைக் கெடுத்துடலாமா? நான் கறக்குதத ஆராவது வந்து நிண்ணு பாத்தீங்களா?"

டீச்சரின் முகம் வெளுத்தது எனக்கு நினைவிருக்கிறது. அவர் தினமும் எங்களைக் கேட்ட கேள்வியை, கயிறு பிடித்த கையோடு ஒரு பால்காரி அவரிடமே கேட்டுவிட்டாள். "நாளைக்கு வாறோம், எல்லாரும் வாறோம்" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை மத்தியானம் பதினான்கு பேரும் டீச்சரும் சுகுமாரன் அண்ணனும் தங்கம்மையின் தொழுவத்தில் நின்றோம். குழலைச் செக்ரட்டரி ஒரு துவர்த்துத் துண்டில் சுற்றிப் பிறந்த குழந்தையைப்போல் ஏந்தி வந்தார். யார் முகத்திலும் நம்பிக்கை இல்லை. கறவைச் செம்பைக் கழுவிக் கவிழ்த்து, துணியால் துடைத்து, அதையும் நான்கு பேர் விரல்விட்டுப் பார்த்தார்கள். பினு கிணற்றடிக்குப் போய்த் வாளிக் கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு காவல் நின்றான். இன்னொருத்தி தங்கம்மையின் முந்தானையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன பிள்ளே பாக்க, மடியில கெணறு கெட்டி வச்சிருக்கேனா?" என்றார் தங்கம்மை. பசுவின் கால்களைக் கட்டி, காம்பைக் கழுவி, அந்தக் கையைச் செக்ரட்டரி முன் நீட்டி, "துடைச்சுக்கிடட்டா, இல்ல இந்தச் சொட்டும் கணக்கா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். பதினாறு ஜோடிக் கண்களுக்கு முன்னால் ஒரு சொட்டு நீரும் சேராமல் பால் செம்பில் விழுந்தது. நுரை விளிம்பில் நிற்கும்போதே சுகுமாரன் அண்ணன் குழலை விட்டார்.

இருபத்தைந்து.

தங்கம்மையின் முகத்தில் அதுவரை இருந்த கோபம் போய், பயம் வந்ததை நான் பார்த்தேன். தான் செய்யாத குற்றம் தன் கையிலிருந்தே வடிவதைக் கண்டவரின் பயம் அது. "நீயும் என்னைக் கைவிட்டியா மக்கா" என்று பசுவின் முதுகில் கைவைத்தார்.

"பசு வெள்ளம் கூடுதலாக் குடிச்சிருக்கும்" என்றார் சுகுமாரன் அண்ணன், கொஞ்சம் தணிந்த குரலில். "புல்லு பச்சையா இருந்தாலும் அப்படி ஆகுமாக்கும்."

"ஆரு சொன்னா?" என்றார் டீச்சர்.

அப்போதுதான் என் கையிலிருந்த நோட்டு எனக்கு உதவியது. வியாழக்கிழமைப் பட்டியலில் மூன்றாவது வரி என்னுடைய பால், இருபத்தெட்டு. எங்கள் வீட்டுக்குப் பால் தங்கம்மையுடையது. ஏழாவது வரி பினுவினுடையது, இருபத்தெட்டரை. அவன் வீட்டுக்கும் அவர்தான் ஊற்றினார். ஒரே தொழுவம், ஒரே பசு, ஒரே கை. ஆறு நாட்களாக அந்தத் தாள் என் பையில் இருந்தும், வியாழக்கிழமை வகுப்பில் பதினான்கு பேர் பார்த்தும், யாருக்கும் அது கண்ணில் படவில்லை, ஏனென்றால் எல்லாரும் பத்தாவது வரியை மட்டும் படித்தோம்.

"சாரே, காலைப் பாலு நேராத்தான் இருந்து. எனக்குள்ளதும் இந்தப் பசுவுக்க பாலாக்கும்" என்றேன்.

டீச்சர் நோட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு செம்பைத் தொட்டார். கையை எடுக்காமல் கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தார். "சூடு" என்றார்.

செம்பைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தோம். கால்மணிக்கூறு கழிந்தபோது குழல் இருபத்தாறில் நின்றது. நுரை அமர்ந்தது, பாலுக்குள் சிக்கியிருந்த காற்றுக் குமிழிகள் மேலேறி உடைந்தன. அரைமணிக்கூறில் இருபத்தேழு. பள்ளியில் அடுத்த மணி அடித்தும் யாரும் நகரவில்லை. சாயங்காலத்துக்கு முன் குழல் இருபத்தெட்டுக்கு ஏறி அங்கேயே நின்றது. சூடான திரவம் விரியும், விரிந்தால் அதே அளவில் கனம் குறையும், அதில் காற்றும் கலந்திருந்தால் இன்னும் குறையும். எங்கள் புத்தகத்தின் இரண்டாவது பக்கத்தில் உள்ளதுதான். டீச்சர் குழலை வெளிச்சத்தில் பிடித்து, அதன் கழுத்தில் எறும்புக் கால் போன்ற எழுத்தில் பொறித்திருந்த வெப்பநிலையைச் செக்ரட்டரிக்குக் காட்டினார். அந்தச் சூட்டில் மட்டுமே எண் சரியாக இருக்கும் என்று பொருள். சுகுமாரன் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நெடுநேரம் பார்த்தார்.

"இத்தன வருஷமா இதைக் கையில வச்சிருக்கேன்" என்றார்.

தூரத்து வீட்டுக்காரர்கள் கேனைத் தூக்கிக்கொண்டு அரைமணிநேரம் நடந்து வருவார்கள்; வருவதற்குள் பால் ஆறி, நுரை அடங்கி, நேராகிவிடும். கறந்த சூட்டில் மதில் தாண்டி வந்த பால் தங்கம்மையுடையது ஒன்றுதான். 'கொறவு' என்று பெயர் கேட்டதும் அது ஒன்றுதான்.

"அப்ப நான் இனி பாலைத் தூக்கிட்டு உதியன்குளங்கரை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாறேன் சாரே. அப்ப எனக்க பாலு யோக்கியமாகும், இல்லியா?" என்றார் தங்கம்மை. எல்லாரும் சிரித்தோம், செக்ரட்டரியும். தங்கம்மை சிரிக்கும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

வியாழக்கிழமை கமிட்டி கூடியது, பெயரை வெட்டவில்லை. அந்த வாரமே சொசைட்டித் திண்ணையில் ஒரு தண்ணீர்த் தொட்டி வந்தது, பாலை அதில் வைத்த பிறகே அளவு. நிறுத்திய மூன்று வீடுகளில் இரண்டு மறுபடி வாங்கத் தொடங்கின. எங்கள் வீடு அதில் ஒன்று. ஆனால் அம்மா அதன்பிறகு பல மாதம், பாலைச் சாய்க்குமுன் தூக்கி வெளிச்சத்தில் ஒருமுறை பார்ப்பாள். மூன்றாவது வீடு திரும்பவே இல்லை. "என்ன ஆனாலும் ஒரு பேரு வந்துட்டுதே" என்றார்களாம். டீச்சர் அந்த ஆண்டு முடிவில் போனவர் திரும்பி வரவில்லை. அவர் முகவரியை நான் எழுதி வைத்திருந்தேன். அனுப்பிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

இன்று அந்தத் தமிழ்ப் பிரிவு இல்லை. சொசைட்டியில் கண்ணாடிக் குழலுக்குப் பதிலாக ஒரு பெட்டி இருக்கிறது. ஒரு கரண்டிப் பாலை உறிஞ்சி, சீட்டை அச்சடித்துத் துப்புகிறது. எந்தச் சூட்டில் அது சரியாகச் சொல்லும் என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன். "மிஷின்தானே அக்கா, அது எல்லாம் பாத்துக்கிடும்" என்றாள். தொழுவம் இருந்த இடத்தில் இரண்டு மாடி வீடு.

கடந்த மாதம் நெய்யாற்றின்கரை பஸ் நிலையத்தில் விஜியைப் பார்த்தேன். காட்டாக்கடையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதிக்கிறாள். அம்மா அவளோடுதான் இருக்கிறாராம், இப்போது பாக்கெட் பால் வாங்குகிறாராம். இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். பிறகு, தொழுவத்தில் நின்ற அந்தப் புதன்கிழமையிலிருந்து யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டேன். நுரையோடும் சூட்டோடும் தொழுவத்தில் குழல் காட்டியது இருபத்தைந்து. வகுப்பில் நான் எழுதியது இருபத்துமூன்று. சூடு கழித்தாலும் இரண்டு புள்ளி மிச்சம். எல்லாரும் நிம்மதியாகச் சிரித்த அந்தச் சாயங்காலம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அண்ணைக்கு ஓடிவாற வழியில பாலு சிந்திச்சா விஜி?"

"சிந்தியிருந்தா? பள்ளிக்கூடத்துப் பைப்புல நான் வெள்ளம் பிடிச்சு நெறச்சேண்ணு எழுதுவியா?"

"எழுத இல்ல. கேக்கேன்."

"நீ இன்னும் அந்த ரெண்டு புள்ளியைச் சுமந்துட்டா பிள்ளே நடக்குத?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அந்தக் குழலைப் பாத்து எண்ணு வாசிச்சது ஆரு? நீயாக்கும். அந்த வாரம் நீ எனக்கிட்ட மிண்டாம நடந்த. அதையும் எழுது." காட்டாக்கடை பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

அவள் சொன்னது சரி, எழுதுகிறேன். பால் பார்த்த வியாழனுக்கு முந்தின திங்கட்கிழமை அவள் பொது நோட்டை எடுத்து, சந்தேகம் என்ற நான்காவது கட்டத்தில் விளையாட்டாக என் பெயரை எழுதினாள். நான் அவளோடு பேச்சை நிறுத்தினேன். அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தை நான் கிழித்துவிட்டதால் அதற்கு ஆதாரம் இல்லை. வியாழக்கிழமை ஒன்பது குப்பிகளையும் டீச்சர் குனிந்து தாமும் வாசித்துப் பார்த்தார். பத்தாவதுக்குக் குனியுமுன் மணி அடித்தது. குழல் இறங்கியதைப் பினு தன் இடத்திலிருந்து பார்த்தான், எண்ணைப் பார்க்கவில்லை. இருபத்துமூன்றை வாசித்தது நான் ஒருத்தி மட்டுமே. அது குழல் காட்டிய எண்தானா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.